பெயர் நீங்கிய பிறகு பெய்த மழை



கடற்கரையே இல்லாத தருமபுரி மாவட்டத்தில் வெப்பமண்டலப் புயல்களைப் பற்றி எதற்குக் கருத்தரங்கு என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டதாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். நியாயமான கேள்வி. புயல் என்றால் நாகப்பட்டினம், கடலூர், இராமேசுவரம் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் விடை ஓர் எண்: 33. 2024 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் அரூரில் பதிவான மழை 33 சென்டிமீட்டர். அதே நேரத்தில், அரூருக்கு வடக்கே தென்பெண்ணைக்கு அப்பால் இருக்கும் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். தருமபுரி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழையே 90 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டித் தீர்த்திருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 33 சென்டிமீட்டர் மழை என்றால் 33 கோடி லிட்டர் தண்ணீர். அரூர் வட்டத்தின் மலையையும் மேட்டையும் வயலையும் நினைத்துப் பெருக்கிப் பாருங்கள்.

அந்த மழையைக் கொண்டுவந்தது ஃபெஞ்சல் புயல் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மழை பெய்த நேரத்தில் ஃபெஞ்சல் என்ற பெயரில் ஒரு புயல் இல்லை. இந்தச் செய்தியைச் சுற்றித்தான் இன்று என் பேச்சு.

நாள்வரிசையைச் சொல்கிறேன். 2024 நவம்பர் கடைசி வாரத்தில் தென்மேற்கு வங்கக் கடலில், இலங்கையை ஒட்டி, ஒரு தாழ்வு மண்டலம் நகர்ந்துகொண்டிருந்தது. நவம்பர் 26ஆம் தேதி அம்பாறை மாவட்டம் காரைதீவில் மாணவர்களை ஏற்றிச் சென்ற டிராக்டர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது, பிள்ளைகள் இறந்தார்கள். அன்று அந்தத் தாழ்வு மண்டலத்துக்குப் பெயர் கிடையாது. இன்று புயலாகும், நாளை புயலாகும் என்று எதிர்பார்த்து, கடைசியில் 29ஆம் தேதி பிற்பகலில்தான் அது புயலாகி, சவுதி அரேபியா பரிந்துரைத்த ஃபெஞ்சல் என்ற பெயரைப் பெற்றது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகு வழக்கம்போல் உள்ளே ஓடாமல் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர், மயிலத்தில் 51 சென்டிமீட்டர். டிசம்பர் 1ஆம் தேதி முற்பகலிலேயே அது வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகிவிட்டது. பெயர் வழக்கிழந்தது. ஃபெஞ்சல் ஃபெஞ்சலாக இருந்தது ஏறத்தாழ இரண்டு நாள். அது மேலும் மெலிந்துகொண்டே மேற்கே நகர்ந்த அந்த 1ஆம் தேதி பகலிலும் இரவிலும்தான் திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் மாண்டார்கள், ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது, அரூர் மூழ்கியது.

பெயர் வருவதற்கு முன்னால் சில சாவுகள். பெயர் போன பிறகு பல சாவுகள். பெயர் இருந்த இரண்டு நாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டும் கண்ணில் படவில்லை.

நான் யாரையும் குறை கூற இதைச் சொல்லவில்லை. புயலுக்குப் பெயரிடும் முறையும் தரம் பிரிக்கும் முறையும் எதற்காகப் பிறந்தன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முதலில் புயல் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

புயலுக்குச் சூடான கடல் வேண்டும். மேற்பரப்பு நீர் குறைந்தது 26.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அந்தச் சூடு மேலாக மட்டுமன்றி ஐம்பது மீட்டர் ஆழம் வரையாவது பரவியிருக்க வேண்டும். பின்லாந்து அறிஞர் எரிக் பால்மென் 1948இல் இந்த வெப்ப எல்லையைச் சுட்டிக்காட்டினார். இன்றும் பாடநூல்கள் அதை ஒட்டியே பேசுகின்றன. சூடு மட்டும் போதாது. கீழ்மட்டத்தில் காற்று ஏற்கெனவே ஓரிடத்தில் குவிந்துகொண்டிருக்க வேண்டும். வளிமண்டலத்தின் நடு உயரங்களிலும் ஈரம் இருக்க வேண்டும். கீழே வீசும் காற்றும் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றும் வெவ்வேறு வேகத்தில் வெவ்வேறு பக்கம் இழுக்கக் கூடாது; இழுத்தால் எழும்பும் மேகத் தூண் சாய்ந்து சிதைந்துவிடும்.

இவற்றோடு பூமியின் சுழற்சி தரும் திருப்பு விசையும் வேண்டும். நிலநடுக்கோட்டில் அது சுழியம். விலகிச் செல்லச் செல்லக் கூடும். அதனால்தான் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் புயல் பிறப்பது மிக அரிது. அரிது என்றுதான் சொல்கிறேன், நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. 2001 டிசம்பர் இறுதியில் வாமெய் என்ற புயல் வடக்கே ஒன்றரைப் பாகைகூட இல்லாத இடத்தில், சிங்கப்பூருக்குப் பக்கத்தில் உருவாகி மலேசியாவின் ஜொகூரில் கரையேறியது. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் வாழும் நம்மவர்கள் தங்களுக்குப் புயலே வராது என்று நம்பியிருந்த காலம் அது. விதிகளைக் கற்பிக்கும்போது இந்த விலக்கையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

இத்தனையும் கூடினால் என்ன நடக்கிறது? கடல்நீர் ஆவியாகும்போது கடலிடமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வியர்வை உலரும்போது உடம்பு குளிர்வதும் இதனால்தான். எடுத்த வெப்பம் அழிவதில்லை, ஆவிக்குள் மறைந்திருக்கிறது. ஆவி மேலே ஏறிக் குளிர்ந்து மீண்டும் நீர்த்துளியாகும்போது, ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 600 கலோரி வீதம் அந்த வெப்பம் வெளியே வருகிறது. சூடேறிய காற்று இன்னும் வேகமாக மேலேறுகிறது. அடியில் அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து ஈரக் காற்று ஓடி வருகிறது. ஓடி வரும் காற்றைப் பூமியின் சுழற்சி திருப்பிவிடுவதால் அது நேரே மையத்துக்குப் போகாமல் சுற்றிச் சுற்றிப் போகிறது. நம் அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகவும், தெற்கே வலஞ்சுழியாகவும். சுற்றும் காற்று கடலைக் கலக்கி மேலும் ஆவியை எடுக்கிறது. இந்தச் சங்கிலி அறுபடாத வரை புயல் வளரும். நிலத்தில் ஏறியதும் கீழிருந்து வரும் ஆவி நின்றுபோகிறது, மரமும் மேடும் காற்றைத் தடுக்கின்றன, புயல் தளர்கிறது.

தளர்வது காற்று. இதைக் கவனியுங்கள். பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு அது திரட்டி வைத்திருக்கும் ஈரம் ஒரே நாளில் மறைந்துவிடாது. வங்கக் கடலிலிருந்து வரும் கீழைக்காற்று அந்தச் சுழலுக்குள் ஈரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தால், காற்று ஓய்ந்த பிறகும் மழை ஓயாது.

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ எண்பது வெப்பமண்டலப் புயல்கள் உருவாகின்றன. வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சேர்த்து நமக்கு வருவது ஐந்து அளவில்தான். அதிலும் அரபிக் கடலில் ஒன்று என்றால் வங்கக் கடலில் நான்கு என்பது நீண்டகாலக் கணக்கு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகியவை கொண்டுவந்து கொட்டும் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது; அந்த அடுக்கு கீழே இருக்கும் குளிர்நீரை எளிதில் மேலே வர விடுவதில்லை. வங்கக் கடல் புயலுக்கு ஏற்ற இடமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணிக்கையில் குறைவு என்றாலும் சாவுக் கணக்கில் வங்கக் கடலுக்கு ஈடில்லை. 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய போலா புயலில் மூன்று இலட்சம் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள்.

இனிப் பெயருக்கு வருவோம். ஒரே இயற்கை நிகழ்வுக்குக் கடல்தோறும் வெவ்வேறு பெயர். அட்லாண்டிக்கிலும் கிழக்குப் பசிபிக்கிலும் ஹரிகேன். மேற்குப் பசிபிக்கில் டைஃபூன். பிலிப்பைன்ஸ் மக்கள் பேச்சில் பாக்யோ. இந்தியப் பெருங்கடலில் சைக்ளோன். கடைசிச் சொல்லை உருவாக்கியவர் நமக்கு அருகில் கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிட்டிங்டன். கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்து, ஒரே நேரத்தில் வெவ்வேறு கப்பல்கள் கண்ட காற்றின் திசையை வரைபடத்தில் வைத்து, புயல் சுழல்கிறது என்று மாலுமிகளுக்கு விளங்க வைத்தவர். 1848இல் வெளிவந்த அவருடைய கையேடு மாலுமிகளுக்காகவே எழுதப்பட்டது. கப்பலைக் காப்பாற்றுவதுதான் அன்றைய நோக்கம். புயலியல் கடலில் பிறந்த அறிவு.

தேதிக்கோட்டை மேற்கே தாண்டினால் ஹரிகேன் டைஃபூனாகிவிடும். 2014இல் ஜெனிவிவ் என்ற புயலுக்கு அப்படி நேர்ந்தது. 2019 சனவரியில் தென்சீனக் கடலில் பிறந்த பாபுக், தாய்லாந்தைக் கடந்து அந்தமான் கடலுக்குள் வந்தது. லாவோஸ் தந்த அந்தப் பெயரையே நம் வானிலைத் துறையும் தொடர்ந்து பயன்படுத்தியது. காற்றுக்கு எல்லை கிடையாது. எல்லைகளை நாம் வகுத்துக்கொள்கிறோம், ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்வதற்காக.

தரம் பிரிப்பதிலும் இதே கதைதான். ஹரிகேன், டைஃபூன் என்ற பெயர்களைப் பெற மணிக்கு ஏறத்தாழ 118 கிலோமீட்டர் வேகம் வேண்டும். நம்மிடம் 62 கிலோமீட்டரை எட்டினாலே புயல்; அப்போதே பெயரும் சூட்டப்படும். அதற்குக் கீழே ஆழ்ந்த தாழ்வு மண்டலம், தாழ்வு மண்டலம், தாழ்வுப் பகுதி என்று படிகள். மேலே தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல், அதி தீவிரப் புயல், கடைசியாக 220 கிலோமீட்டரைத் தாண்டினால் சூப்பர் புயல். ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது வேகம் 70 முதல் 80 கிலோமீட்டர், இடையிடையே 90. நம் ஏணியில் அது புயலின் முதற்படி. அமெரிக்காவில் அதே காற்று வீசியிருந்தால் வெறும் வெப்பமண்டலப் புயல் என்றிருப்பார்கள். ஹரிகேன் என்ற சொல் அதன் பக்கமே வந்திருக்காது.

வட இந்தியப் பெருங்கடலில் புயலுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004இல் தொடங்கியது. எட்டு நாடுகள் ஆளுக்கு எட்டாகத் தந்த 64 பெயர்கள். முதலாவது வங்கதேசம் தந்த ஓனில், கடைசி தாய்லாந்து தந்த அம்பன், 2020 மே மாதத்தில். அந்தப் பட்டியல் தீர்வதற்குச் சற்று முன்பே, 2020 ஏப்ரலில், பதின்மூன்று நாடுகள் ஆளுக்குப் பதின்மூன்றாகத் தந்த 169 பெயர்களின் புதிய பட்டியல் வெளியானது. நம் நாவில் புழங்கும் தானே மியான்மர் தந்தது, வர்தா பாகிஸ்தான், கஜா இலங்கை, நிவர் ஈரான், மாண்டஸ் ஐக்கிய அரபு அமீரகம். இந்தியா தந்த பெயர்களில் முரசு, நீர் என்று இரண்டு தமிழ்ச் சொற்களும் இருக்கின்றன. மதம், அரசியல், ஆண், பெண் சாராத பெயராக இருக்க வேண்டும், எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு முறை வைத்த பெயரை மறுமுறை வைக்கக் கூடாது என்று விதிகள் உண்டு. பெயர் சூட்டுவதால் மிகுந்த நன்மை. மீனவர் கடலுக்குப் போகாமல் நிற்கிறார். வானொலி கேட்பவருக்கு எந்தப் புயல் என்ற குழப்பம் இல்லை. கரையோர மக்களை வெளியேற்றுவதில் இந்தியாவும் வங்கதேசமும் கடந்த சில பத்தாண்டுகளில் அடைந்த வெற்றி உலகம் போற்றுவது. அந்த வெற்றியில் பெயருக்கும் பங்குண்டு.

ஆனால் பெயரும் தரமும் சொல்வது காற்றை. எவ்வளவு மழை வரும் என்று அவை சொல்வதில்லை. துறைமுகங்களில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். மூன்றாம் எண் கூண்டு என்றால் என்ன, பத்தாம் எண் என்றால் என்ன என்று பாம்பனிலும் கடலூரிலும் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அரூரில் ஏற்ற ஒரு கூண்டு இல்லை. ஏற்றுவதற்கு ஒரு மொழியும் இன்னும் நம்மிடம் உருவாகவில்லை.

காற்றின் தரத்தை வைத்து ஆபத்தை அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன்னே சான்றுகள் கிடக்கின்றன. 2015 டிசம்பர் 1ஆம் தேதி சென்னையை மூழ்கடித்த மழைக்குப் பெயர் கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணிக் கரை முழுதும் வெள்ளக்காடானது. அது புயலும் அன்று, தாழ்வு மண்டலமும் அன்று. வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி என்பதோடு சரி. 2025 நவம்பரில் இலங்கையை உலுக்கிய தித்வா, ஏமன் பெயர் சூட்டிய புயல், காற்றளவில் ஏணியின் கீழ்ப்படியில் நின்றதுதான். கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளில் மண் சரிந்தது. அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மலையகத் தோட்டக் குடியிருப்புகளில் நம் உறவுகள் எத்தனை வீடுகளை இழந்தார்கள் என்பதை இங்கே பலர் அறிவீர்கள். கடற்கரையிலிருந்து தொலைவில், மலைமேல், மழையால் வந்த சாவு அது.

இப்போது நம் ஊர் நிலத்தைப் பார்ப்போம். புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து அரூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். தருமபுரி நகரம் இன்னும் முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர். இடையில் வடக்கே ஜவ்வாது மலை, தெற்கே கல்வராயன் மலை, இரண்டுக்கும் நடுவில் செங்கம் கணவாய். தமிழகச் சமவெளியையும் நம் பகுதியாகிய பாரமகாலையும் இணைக்கும் வாசல் அது. 1767இல் ஐதர் அலி படையும் ஆங்கிலேயர் படையும் மோதிக்கொண்டதும் அங்கேதான். கீழைக்காற்று ஈரத்தோடு வரும்போது இந்த வாசலில் நெருக்கமாகப் புகுந்து, மேற்கே சித்தேரி மலையிலும் சேர்வராயன் மலையிலும் முட்டி மேலேறுகிறது என்பது என் கருத்து. சித்தேரி ஆயிரம் மீட்டரைத் தாண்டுகிறது. சேர்வராயன் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரைத் தாண்டுகிறது. மேலேறிய காற்று குளிர்ந்து அங்கேயே மழையை இறக்கிவிடும். ஊத்தங்கரையும் அரூரும் பெற்ற மழைக்கும் சற்றே தள்ளியிருக்கும் மேற்குப் பகுதிகள் பெற்ற மழைக்கும் உள்ள வேறுபாட்டை இது விளக்குமா என்று இங்கிருக்கும் இளம் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். மழைமானிப் பதிவுகளும் செயற்கைக்கோள் படங்களும் கையில் இருக்கின்றன. என் கருத்து தவறென்று நிறுவினாலும் எனக்கு மகிழ்ச்சியே.

ஒரு கருவிச் சிக்கலையும் சொல்ல வேண்டும். டாப்ளர் ரேடார் சென்னையிலும் காரைக்காலிலும் இருக்கிறது. இரண்டிலிருந்தும் அரூர் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். ரேடாரின் கதிர் நேராகப் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. இருநூறு கிலோமீட்டர் தாண்டி வரும்போது அதன் மிகத் தாழ்ந்த கதிர்கூட நமக்கு மேலே மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். மலைச்சரிவில் ஈரக்காற்று மோதிப் பெய்யும் மழை பெரும்பாலும் அதற்குக் கீழே உருவாகிறது. வானத்தைப் பார்க்கும் கண் நம் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடுகிறது. ஆகையால் நம் மலைகளுக்கு மழைமானிதான் முதற்கருவி. சித்தேரியிலும் வத்தல்மலையிலும் சேர்வராயனின் வடசரிவிலும் தானாகப் பதிவுசெய்து உடனுக்குடன் அனுப்பும் மழைமானிகள் நெருக்கமாக வேண்டும். பெரிய செலவு இல்லை. மனமும் பராமரிப்பும் வேண்டும்.

ஆறுகளின் கதையைச் சொன்னால்தான் இது முழுமையாகும். வாணியாறு சேலம் மாவட்டத்து ஏற்காட்டு மலையில் பிறந்து, பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேலே அணையில் தேங்கி, அரூர் வழியாக வந்து தென்பெண்ணையில் சேர்கிறது. 2024 டிசம்பரில் அணை நிரம்பி உபரி நீர் பாய்ந்தபோது அரூர் மக்கள் வெள்ளத்தைப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு வேறு மாவட்டத்தில் பெய்தது. வானிலை எச்சரிக்கை மாவட்டத்துக்கு மாவட்டம் நிறம் பூசி வருகிறது: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஆறு மாவட்ட எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. ஏற்காட்டில் மாலையில் கொட்டினால் அரூரில் நள்ளிரவில் கரை உடையலாம். அரூரில் தூங்கப் போகிறவருக்கு ஏற்காட்டு மழை எவ்வளவு என்று யார் சொல்வது?

இன்னும் கீழே போவோம். கிருஷ்ணகிரி வழியாக வரும் தென்பெண்ணை, ஊத்தங்கரைப் பக்கத்துப் பாம்பாற்றையும் அரூர்ப் பக்கத்து வாணியாற்றையும் வாங்கிக்கொண்டு சாத்தனூர் அணைக்குப் போகிறது. அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 119 அடி. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை 2.45 மணியளவில் அங்கிருந்து திறந்துவிடப்பட்ட நீர் நொடிக்கு 1,68,000 கன அடி. லிட்டரில் சொன்னால் நொடிக்கு 47 இலட்சத்துக்கும் மேல். அந்த வெள்ளம் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் தென்பெண்ணைக் கரை ஊர்களைச் சூழ்ந்து கடலூருக்குப் போனது. கடலூர் மக்கள் இரண்டு நாளைக்கு முன் புயலின் காற்றுக்குத் தப்பியவர்கள். கரையைக் கடந்துவிட்டது என்று பெருமூச்சு விட்டவர்கள். அரூரிலும் ஊத்தங்கரையிலும் பெய்த மழை, ஆற்று வழியாகத் திரும்பி வந்து அவர்கள் வீட்டுக்குள் புகுந்தது. நம் மேட்டு நிலத்தில் பெய்வதைச் சரியாக அளக்காவிட்டால் கடலோரத்தையும் காப்பாற்ற முடியாது. உள்நாடு வேறு, கடலோரம் வேறு என்ற பிரிவினை தென்பெண்ணைக்குத் தெரியாது.

இந்த இடத்தில் உழவர் பெருமக்கள் மனத்தில் ஓடுவதையும் நான் சொல்ல வேண்டும். புயல் நமக்குப் பகை மட்டும் அன்று. "பொயலு சின்னம் வந்தாத்தான் ஏரி ரொம்பும்" என்று சொல்லும் ஊர் நம் ஊர். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் ஒன்றிரண்டு சுழலாவது உருவாகி மேற்கே வராவிட்டால் மானாவாரிக் காடு காய்ந்து போகும், மரவள்ளி சிறுத்துப் போகும், கிணற்றில் தண்ணீர் ஏறாது. ஏரி கோடி போன ஆண்டை இங்கே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எந்த ஆண்டு எந்த ஏரி கோடி போனது, எந்த மதகு உடைந்தது, தண்ணீர் எந்தக் கோயில் படிவரை ஏறியது என்று எழுபது வயதுக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக் குறித்துவைத்தால், மழைமானியே இல்லாத ஊர்களுக்கும் ஒரு வரலாறு கிடைக்கும். பக்கத்து வாணியம்பாடியில் 1903 நவம்பர் பாலாற்று வெள்ளத்தில் இறந்தவர்களுக்காக நட்ட நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. அது ஒரு வெள்ளக் குறிப்பேடு. 1792க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாரமகாலை அளந்து தொகுத்த ஆவணங்கள் அச்சில் இருக்கின்றன. அவற்றில் நம் ஏரிகளைப் பற்றி என்ன இருக்கிறது என்று வரலாற்றுத் துறை மாணவர்கள் வானிலைக் கண்ணோடு ஒரு முறை படிக்க வேண்டும்.

இக்கருத்தரங்கின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். புயல் வலுவிழந்தது என்ற செய்தி வந்ததும் தொலைக்காட்சியும் நாமும் கவனத்தைத் திருப்பிக்கொள்கிறோம். "வலுவிழந்தது" என்ற அறிவிப்போடு, எஞ்சிய சுழல் எந்த மலையை நோக்கிப் போகிறது, அடுத்த 48 மணி நேரத்தில் எந்த ஆற்றுப் படுகையில் எவ்வளவு மழை வரக்கூடும் என்ற வரியும் சேர்ந்தே வர வேண்டும். பெயரை அதுவரை விடாமல் வைத்திருக்கலாமா என்பதும் ஆராயத்தக்கது. அமெரிக்காவில் புயல் கரையேறி வலுவிழந்த பிறகும் அதன் மிச்சத்தைப் பழைய பெயரோடு சேர்த்தே குறிப்பிடுகிறார்கள்; வெள்ள அபாயம் நீடித்தால் அந்தப் பெயரிலேயே அறிக்கை தொடர்கிறது. நம் மக்களுக்கும் "ஃபெஞ்சலின் மிச்சம் அரூரை நோக்கி வருகிறது" என்று சொல்லியிருந்தால், "தாழ்வு மண்டலம் நகர்கிறது" என்பதைவிடச் செய்தி வேகமாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எச்சரிக்கை ஆற்றுப் படுகை வாரியாகவும் வர வேண்டும். வாணியாற்றுக்கு ஒன்று, பாம்பாற்றுக்கு ஒன்று, சின்னாற்றுக்கு ஒன்று. மலையில் பெய்தது எத்தனை மணி நேரத்தில் கீழே வந்து சேர்கிறது என்ற கணக்கு ஒவ்வொரு ஓடைக்கும் வேண்டும். இது பெரிய கணினி கேட்கும் வேலை அன்று. ஒரு கல்லூரியின் புவியியல் மாணவர்கள் இரண்டு மழைக்காலம் பாடுபட்டால் அரூர் வட்டத்துக்கு முடித்துத் தந்துவிடலாம். பேராசிரியர்கள் இதை ஆய்வேட்டுத் தலைப்பாகத் தர வேண்டுமென்று உரிமையோடு கேட்கிறேன்.

ஏரிகளின் கலிங்கும் வரத்துக் கால்வாயும் பற்றிப் பிற்பகல் அமர்வில் தனிக்கட்டுரைகள் இருப்பதால் நான் அதற்குள் போகவில்லை. ஒன்று மட்டும். 2024 டிசம்பர் 1ஆம் தேதி இரவில் எந்த ஏரி தாங்கியது, எது உடைந்தது, ஏன் என்று ஊர் ஊராகச் சென்று எழுதிய பட்டியல் ஒன்று நமக்கு வேண்டும். கண்ணால் கண்டவர்களுக்கு நினைவு மங்குவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும். இந்த அரங்கிலேயே அப்படிப்பட்டவர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். தேநீர் இடைவேளையில் வாயிலருகே ஒரு பதிவேடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஊர்ப் பெயர், ஏரிப் பெயர், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, எத்தனை மணிக்கு என்ற நான்கு விவரங்களை ஆளுக்கொரு வரியாக எழுதிவிட்டு உள்ளே வாருங்கள்.

தென்பெண்ணைப் படுகையின் மழைப் பகிர்வைப் பற்றிய முதல் அமர்வைத் தொடங்குமாறு அதன் தலைவரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.